உமிழ்நீர் மாதிரியில் நானோதுளை உணரி மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நானோதுளை உணரி என்பது உப்புக்கரைசலுக்கு நடுவே வைத்த மெல்லிய சவ்வில் உள்ள நுண்துளை. அதன் வழியாகப் பாயும் மின்னோட்டம், ஒரு மூலக்கூறு துளையைக் கடக்கும்போது நொடிப்பொழுது மாறும். அந்த மாற்றத்தைத்தான் கீழே ‘நிகழ்வு’ என்கிறோம்; தேடும் மூலக்கூறு ‘இலக்கு’. இந்த வழிமுறை சிலிக்கான் நைட்ரைடு சில்லுகளுக்கானது: சவ்வின் தடிமன் 20 நானோமீட்டர், துளையின் விட்டம் 8 முதல் 12 நானோமீட்டர், இருபுறமும் 1 மோலார் பொட்டாசியம் குளோரைடு, வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனைகள், பேட்ச் கிளாம்ப் பெருக்கி (மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கும் கருவி). கண்ணாடி நானோபிப்பெட் (நுனியில் நானோதுளை உள்ள குழாய்) வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்கள் அங்கங்கே குறிக்கப்பட்டுள்ளன.

உமிழ்நீர் சேர்த்த பிறகு எது கெட்டாலும் பழி உமிழ்நீர் மேல்தான் விழும். பாதி நேரம் அது தப்பு. மின்முனை, குமிழி, உப்புக் கசிவு என்று துளைக்கு வெளியே கிடக்கும் காரணங்களைக் கழித்த பிறகே மாதிரியைச் சந்தேகிக்க வேண்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று அளவீடுகள்

1. சில்லையும், அதை நடுவில் பிடித்து இருபுறமும் கரைசலைத் தாங்கும் கலத்தையும் கழற்றிவிட்டு, பெருக்கியின் முனையில் 100 மெகாஓம் மின்தடையை மாட்டுங்கள். 100 மில்லிவோல்ட் கொடுத்தால் 1 நானோஆம்பியர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு கருவியில். சில்லைத் தொடவே வேண்டாம்.

2. சில்லை மாட்டி, வடிகட்டிய பொட்டாசியம் குளோரைடு மட்டும் ஊற்றி, −200 முதல் +200 மில்லிவோல்ட் வரை 50 மில்லிவோல்ட் படிகளில் மின்னோட்டத்தைக் குறியுங்கள். 25 டிகிரி செல்சியஸில், 1 மோலார் கரைசலில், 20 நானோமீட்டர் தடிமனுக்கு வர வேண்டிய கடத்தல் (மின்னோட்டத்தை மின்னழுத்தத்தால் வகுத்தது): 8 நானோமீட்டர் துளைக்கு சுமார் 21 நானோசீமென்ஸ், 10-க்கு 32, 12-க்கு 43. அதாவது 100 மில்லிவோல்ட்டில் முறையே 2.1, 3.2, 4.3 நானோஆம்பியர். கோடு நேராக இருக்க வேண்டும். (நானோபிப்பெட்டில், குறிப்பாக உப்பு குறைந்த கரைசலில், கோடு வளைவது இயல்பு. அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

3. உமிழ்நீரைத் தவிர மற்ற எல்லாம் சேர்ந்த கலவையை, அதாவது பஃபர் (பி.எச். மாறாத உப்புக்கரைசல்), சோப்புப்பொருள், நொதித் தடுப்பான், ஆய்வுக்கண்ணி (இலக்கைப் பிடிக்கும் மூலக்கூறு) ஆகியவற்றை ஊற்றிப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள்.

மூன்றும் சரியாக இருந்து, உமிழ்நீர் சேர்த்தபின் மட்டும் கெட்டால் நேராக அறிகுறி 5-க்குப் போகலாம். அறை வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். ஒரு டிகிரிக்குக் கடத்தல் சுமார் 2 சதவீதம் மாறும். காலைக்கும் மதியத்துக்கும் 5 டிகிரி வித்தியாசம் இருந்தால் மின்னோட்டம் 10 சதவீதம் நகர்வது பிழையே அல்ல.

## அறிகுறி 1: மின்னோட்டமே வரவில்லை

5 மில்லிவோல்ட் சதுரத் துடிப்பு கொடுத்துத் திரையைப் பாருங்கள். இந்த ஒரு சோதனை வழியை இரண்டாகப் பிரித்துவிடும்.

### துடிப்பின் ஓரங்களில் கூர்முனையும் இல்லை

சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. மின்முனை கரைசலைத் தொடுகிறதா, கிளிப் துருப்பிடித்ததா, கம்பி உள்ளே முறிந்ததா, கலத்தின் குறுகிய வழியில் பெரிய குமிழி உட்கார்ந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். குமிழிதான் பெரும்பாலும் குற்றவாளி. கலத்தைச் சாய்த்துப் பிடித்து, தாழ்ந்த பக்கத்திலிருந்து மெதுவாக நிரப்பினால் போய்விடும்.

### கூர்முனை உண்டு, நிலையான மின்னோட்டம் இல்லை

கரைசல் சவ்வின் இருபுறமும் சேர்ந்துவிட்டது. துளை மட்டும் நனையவில்லை அல்லது அடைந்திருக்கிறது. எளியதிலிருந்து தொடங்குங்கள்:

- பஃபரை வெற்றிடத்தில் 30 நிமிடம் வைத்துக் கரைந்த காற்றை எடுத்துவிட்டு மீண்டும் நிரப்புங்கள்.
- தண்ணீரும் ஐசோபுரோப்பனாலும் சமபங்காகக் கலந்து சில்லை 10 நிமிடம் நனையுங்கள். பிறகு தண்ணீரால் நன்றாகக் கழுவி, அதன் பின்பே பொட்டாசியம் குளோரைடு. இடையில் தண்ணீரை விட்டுவிட்டால் ஆல்கஹாலில் உப்பு படிகமாகி, திறக்கப் போன துளையையே அடைக்கும். இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது, கண்டுபிடிப்பதும் கடினம்.
- 500 முதல் 800 மில்லிவோல்ட் வரை சில நொடித் துடிப்புகள், இருதிசையிலும். 1 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். சில வோல்ட்டுகள் வரை போனால் நனைவதற்குப் பதில் துளை பெரிதாகிவிடும். அதைத் தெரிந்தே செய்யும் துளையிடும் முறை தனியாக இருக்கிறது.
- சில்லைக் கழற்றி ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (பரப்பைச் சுத்தம் செய்யும் மின்னேறிய வாயு) ஒவ்வொரு பக்கமும் 30 முதல் 60 நொடி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் மாட்டுங்கள்.

இரண்டு முறை பிளாஸ்மா வைத்தும் திறக்காத சில்லோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். ஒரே தொகுதியில் மூன்று நான்கு சில்லுகள் இப்படி இருந்தால் ஒன்றை எலக்ட்ரான் நுண்ணோக்கி வசதிக்கு அனுப்பி, துளை இருக்கிறதா என்றே பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: எதிர்பார்த்ததைவிட மின்னோட்டம் அதிகம்

பெருக்கியின் மிகைச்சுமை விளக்கு எரிந்தால் சவ்வு உடைந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். சவ்வு மட்டும் இருக்கும் 20 மைக்ரோமீட்டர் சாளரம் முழுதும் போய்விட்டால் 100 மில்லிவோல்ட்டில் 20 மைக்ரோஆம்பியருக்கு மேல் பாயும். எந்தப் பேட்ச் கிளாம்பும் தாங்காது. ஒளி நுண்ணோக்கியில் சாளரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று வந்தால் கலத்தைத் திறந்து பாருங்கள். ரப்பர் வளையம் நகர்ந்திருக்கலாம்; அல்லது கலத்தின் வெளிச்சுவரில் காய்ந்த உப்பு கோடாக ஏறி இரு அறைகளையும் இணைத்திருக்கலாம். தண்ணீரில் கழுவி, துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். சந்தேகம் தீர துளையே இல்லாத சில்லு ஒன்றை அதே கலத்தில் மாட்டி அளங்கள். அங்கும் நானோஆம்பியர் அளவில் மின்னோட்டம் இருந்தால் கசிவு உறுதி.

கசிவும் இல்லை, உடைப்பும் இல்லை என்றால் துளை உண்மையாகவே பெருத்திருக்கிறது. சிலிக்கான் நைட்ரைடு உப்புக்கரைசலில் மணிக்கணக்கில் கிடந்தால் மெல்லக் கரையும். காரத்தன்மை கூடினால் வேகம் கூடும். 10 நானோமீட்டர் துளை 12 ஆனால் கடத்தல் 32-லிருந்து 43 ஆகும் என்பதை மேலே உள்ள எண்களில் பார்த்தோம். சிறு மூலக்கூறைத் தேடுகிற வேலைக்கு அந்தச் சில்லு இனி உதவாது. பெரிய இலக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 3: மின்னோட்டம் ஓரிடத்தில் நிற்காமல் நகர்கிறது

மின்னழுத்தத்தைப் பூஜ்ஜியமாக்குங்கள். அப்போதும் மின்னோட்டம் பூஜ்ஜியத்தில் நிற்காமல் ஊர்ந்தால் மின்முனைகளைப் பாருங்கள். இரண்டையும் ஒரே பொட்டாசியம் குளோரைடில் அருகருகே வைத்து வோல்ட்மீட்டரில் அளங்கள். ஓரிரு மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், நகரக் கூடாது. மீறினால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் அரைமணி ஊறவைத்துக் கரும்பழுப்பு படிய விடுங்கள்.

உமிழ்நீரில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. அதில் தயோசயனேட் இருக்கிறது, புகைப்பவர்களிடம் கூடுதலாக. வாய்க் கிருமிகள் விடும் சல்பைடும் இருக்கிறது. மியூசினை, அதாவது உமிழ்நீரைக் கொழகொழப்பாக்கும் புரதத்தை, உடைக்கச் சேர்க்கும் டைதயோதிரைட்டாலும் இதே ரகம். மூன்றும் வெள்ளியோடு ஒட்டிக்கொண்டு வெள்ளி குளோரைடு பூச்சைக் கெடுக்கும். மின்முனை கறுத்து, பஃபருக்குத் திரும்பிய பிறகும் மின்னழுத்தம் விலகியே நின்றால் இதுதான். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 3 சதவீத அகரோஸ் காய்ச்சிச் சிறு பிளாஸ்டிக் குழாயில் நிரப்பி உப்புப்பாலம் செய்து, மின்முனையை அதற்குப் பின்னால் வையுங்கள். மாதிரி வெள்ளியைத் தொடவே கூடாது.

பூஜ்ஜியத்தில் சரியாக நிற்கிறது, 100 மில்லிவோல்ட்டில் மட்டும் மெல்ல ஏறுகிறது என்றால் ஆவியாதலைப் பாருங்கள். 50 மைக்ரோலிட்டர் அறையில் 5 மைக்ரோலிட்டர் ஆவியானாலே உப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். மூடி போட்டு, பக்கத்தில் ஈரத்தாள் வைத்தால் போதும். மெல்ல இறங்குகிறது என்றால் அது அடைப்பின் தொடக்கம், அறிகுறி 5.

மேசை விளக்கை அணைத்தால் மின்னோட்டம் துள்ளுகிறதா? சிலிக்கான் நைட்ரைடு ஒளிக்கு அசையும். கருவியைச் சுற்றியுள்ள உலோகக் கூண்டின் (ஃபாரடே கூண்டு) மூடியை மூடிவிட்டு அளக்கவும்.

## அறிகுறி 4: இரைச்சல்

### மின்சார இணைப்பின் அதிர்வெண்ணில், அதாவது 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் மடங்குகளிலும்

ஃபாரடே கூண்டு மூடியிருக்கிறதா, தரையிணைப்பு ஒரே புள்ளியில் சேர்கிறதா என்று பாருங்கள். பிறகு அருகில் உள்ள மின்சாதனங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்: விளக்கு, மடிக்கணினி அடாப்டர், பம்ப், நுண்ணோக்கியின் மின்வழங்கி. எதைப் பிடுங்கினால் அடங்குகிறதோ அதுதான். மென்பொருள் வடிகட்டியால் இதை மறைக்க வேண்டாம், குறுகிய நிகழ்வுகளின் வடிவம் கெடும்.

### பூஜ்ஜிய மின்னழுத்தத்திலும் அதே இரைச்சல்

துளைக்குச் சம்பந்தமில்லை. சில்லின் மின்தேக்கமே காரணமாக இருக்கும். சவ்வின் சாளரத்தைச் சுற்றிச் சிலிக்கோன் ரப்பரை மெல்லிய தூரிகையால் பூசி, கரைசல் தொடும் பரப்பைக் குறைத்தால் வித்தியாசம் தெரியும். பெருக்கியின் தலைப்பகுதியில் எதையும் மாட்டாமல், கூண்டுக்குள் வைத்து அளங்கள். கையேட்டில் உள்ள எண்ணைவிட அதிகமாக இருந்தால் பிடிப்பானில் உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஆல்கஹாலில் துடைத்து உலர்த்துங்கள். அதன்பிறகும் அடங்காவிட்டால் உள்ளே திறக்காதீர்கள். நிலைமின்சாரத்தில் அடிபட்ட தலைப்பகுதியைத் தயாரிப்பாளரின் பழுதுநீக்குநர்தான் பார்க்க வேண்டும்.

### மின்னழுத்தம் கொடுத்தால் மட்டும் குறைந்த அதிர்வெண்ணில் கொந்தளிப்பு

துளை சரியாக நனையவில்லை அல்லது அழுக்கு ஒட்டியிருக்கிறது. அறிகுறி 1-இன் நனைக்கும் படிகளைத் திரும்பச் செய்யுங்கள்.

## அறிகுறி 5: உமிழ்நீர் சேர்த்த சில நிமிடங்களில் மின்னோட்டம் விழுகிறது

அதிகச் சில்லுகள் சாவது இங்கேதான். விழுந்த விதத்தைப் பதிவில் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

### பல நிமிடங்களில் வழுக்கிக்கொண்டே இறங்குகிறது

புரதம் துளைச்சுவரில் படிகிறது. நடுநிலைப் பி.எச். அளவில் சிலிக்கான் நைட்ரைடு எதிர்மின்சுமை கொண்டது. உமிழ்நீரில் உள்ள லைசோசைமும் லாக்டோஃபெரினும் நேர்மின்சுமை கொண்டவை. ஒட்டாமல் என்ன செய்யும்?

முதலில் மாதிரியை இன்னும் நீர்த்துப் போகச் செய்யுங்கள்: பத்து மடங்கு என்றால் ஐம்பது மடங்கு. அடுத்து பஃபரில் 0.05 சதவீதம் ட்வீன்-20 சோப்புப்பொருள் சேர்த்து, மாதிரிக்கு முன்பே துளையை அதில் ஊறவையுங்கள். படலம் ஒட்டியதும் துளை சற்றுக் குறுகும்; அந்தப் புதிய கடத்தலையே அன்றைய அடிப்படை எண்ணாகக் குறியுங்கள், பழைய எண்ணோடு ஒப்பிட்டு அடைப்பு என்று பயப்பட வேண்டாம். அதுவும் போதாவிட்டால் பாலிஎதிலீன் கிளைக்கால் சிலேன் பூச்சு. அது சில்லு வேதியியல் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை, செலவும் கூடும்.

ட்வீனுக்குப் பதில் எஸ்.டி.எஸ். சோப்பைப் பொட்டாசியம் குளோரைடில் சேர்த்துவிடாதீர்கள். பொட்டாசியத்தோடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து படியும். செல் உடைக்கும் படியில் எஸ்.டி.எஸ். தவிர்க்க முடியாதது என்றால் அளவீட்டுக் கரைசலைச் சோடியம் குளோரைடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

### ஒரே அடியில் பாதியாக விழுந்து அங்கேயே நிற்கிறது

துகளோ மியூசின் இழையோ துளை வாயில் சிக்கியிருக்கிறது. உமிழ்நீரைக் கொழகொழப்பாக வைத்திருக்கும் எம்.யூ.சி.5பி மியூசின் மெகாடால்டன் எடையில் வலைபோலப் பின்னியது. 10 நானோமீட்டர் துளைக்கு அது மிகப் பெரியது.

1. மின்னழுத்தத்தைப் பூஜ்ஜியமாக்கி 30 நொடி காத்திருங்கள். சில இழைகள் தானாக விலகும்.
2. திசையை மாற்றி −200, −300, −500 மில்லிவோல்ட், ஒவ்வொன்றும் சில நொடி.
3. மாதிரி அறையை அதன் கொள்ளளவைப்போல் ஐந்து மடங்கு புதிய பஃபரால் மெதுவாகக் கழுவி, மீண்டும் 2.
4. சில்லைக் கழற்றித் தண்ணீர், பிளாஸ்மா.
5. கடைசி வழி பிரானா கரைசல்: மூன்று பங்கு அடர் கந்தக அமிலத்தில் ஒரு பங்கு 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் துளித்துளியாகச் சேர்ப்பது. பெராக்சைடைத்தான் அமிலத்தில் விட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. ஆல்கஹால் ஈரம், ரப்பர், பூச்சு எதுவும் உள்ளே போகக் கூடாது. பாத்திரத்தை மூடி வைக்கவும் கூடாது, வெடிக்கும். புகை இழுக்கும் பெட்டியும் (ஃபியூம் ஹூட்) பயிற்சி பெற்றவரும் இல்லாத இடத்தில் இந்தப் படியே வேண்டாம், சில்லைத் தூக்கிப் போடுவது மலிவு.

தலைகீழ் மின்னழுத்தத்தில் திறந்து, நேராக்கியதும் மீண்டும் அடைந்தால் கழுவிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. மாதிரித் தயாரிப்புக்குத் திரும்ப வேண்டும்.

### இரண்டு நிலைகளுக்கு நடுவே தந்தி அடிப்பதுபோல் தாவுகிறது

துளை வாயில் ஏதோ ஆடிக்கொண்டிருக்கிறது: மென்மையான கூழ்த்துணுக்கு அல்லது நானோ அளவுக் குமிழி. காற்று நீக்கிய பஃபரால் கழுவினால் குமிழி போகும். போகாவிட்டால் கூழ்தான், மேலே சொன்ன படிகள். இந்தத் தாவல்களை மென்பொருள் நிகழ்வுகளாக எண்ணிவிடும். அந்தப் பதிவைப் பயன்படுத்தாதீர்கள்.

### மூன்று விதத்துக்கும் பொதுவான மருந்து: மாதிரித் தயாரிப்பு

எடுக்கும்போதே தொடங்குகிறது. குறைந்தது ஒரு மணி நேரம் உணவு, பானம், பல் துலக்குதல் இல்லாமல் இருக்க வேண்டும். தண்ணீரால் கொப்பளித்துப் பத்து நிமிடம் கழித்து, காறித் துப்பாமல், தானாக ஊறுவதைக் குளிர்ந்த குழாயில் வடிய விட வேண்டும். பஞ்சுருண்டை வேண்டாம், இழைகள் உதிரும், சில மூலக்கூறுகள் பஞ்சிலேயே தங்கிவிடும். உமிழ்நீர் தொற்றுப்பொருள் என்பதால் திறந்த மேசையில் கையாளக் கூடாது, உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும்.

பிறகு −80 டிகிரியில் ஒருமுறை உறையவைத்து உருக்குங்கள். மியூசின் திரண்டு கீழே வரும். 4 டிகிரியில் 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, அடியில் ஐந்தில் ஒரு பங்கையும் மேலே மிதக்கும் படலத்தையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். வடிகட்டுவது அதன் பின்பே: 5 மைக்ரோமீட்டர், 0.45, 0.2 என்ற வரிசையில், புரதம் ஒட்டாத வகை வடிதாள்களில். நேராக 0.2-இல் ஊற்றினால் வடிதாள் சில துளிகளிலேயே அடைந்துவிடும்.

இன்னும் இழுபட்டால் 5 மில்லிமோலார் டைதயோதிரைட்டால், அறை வெப்பநிலையில் 15 நிமிடம். இதில் ஒரு பொறி இருக்கிறது. அது மியூசினின் டைசல்பைடு பிணைப்பை மட்டுமல்லாமல் எதிர்ப்புரதத்தின் (ஆன்டிபாடி) பிணைப்பையும், ஐ.எல்-8 (அழற்சியோடு தொடர்புள்ள சிறு புரதம்) போன்ற இலக்குப் புரதத்தின் மடிப்பையும் உடைக்கும். தயால் வழியாக ஒட்டிய ஆய்வுக்கண்ணியையும் பிரித்துவிடும். இலக்கு ஆர்.என்.ஏ. என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். புரதம் என்றால் தவிர்ப்பதே நல்லது. சுழற்சியையும் நீர்த்தலையும் கூட்டிச் சமாளியுங்கள்.

ஒரு பங்கு உமிழ்நீரை ஒன்பது பங்கு பஃபரில் சேர்க்கும்போது பஃபர் 1.11 மோலாராக இருந்தால்தான் கலவை 1 மோலாருக்கு அருகில் நிற்கும். இதைக் கவனிக்காமல் 1 மோலாரில் கலந்தால் மின்னோட்டம் 10 சதவீதத்துக்கு நெருக்கமாக விழும், அதை அடைப்பு என்று நினைத்து நல்ல சில்லைக் கழுவிக்கொண்டிருப்பீர்கள்.

மாதிரியைச் சில்லின் தட்டையான பக்கத்தில் ஊற்றுங்கள். பின்பக்கத்தில் அரித்த பிரமிடுக் குழிக்குள் கூழும் குமிழியும் போய் உட்கார்ந்தால் கழுவி எடுக்க முடியாது.

## அறிகுறி 6: மின்னோட்டம் சரி, நிகழ்வு ஒன்றும் இல்லை

முதலில் இரட்டை இழை டி.என்.ஏ.வால் துளையைச் சோதியுங்கள். லாம்டா டி.என்.ஏ. அல்லது 10,000 இணை நீளமுள்ள துண்டு, நானோமோலாருக்குக் கீழான செறிவு போதும். அதுவும் வரவில்லை என்றால் மின்னழுத்தத்தின் திசை தவறு: டி.என்.ஏ. எதிர்மின்சுமை கொண்டது, எதிரறையில், அதாவது மாதிரி இல்லாத பக்கத்தில், நேர்மின்முனை இருக்க வேண்டும். இது நிமிடத்தில் சரியாகும் பிழை. ஆனால் அரை நாளைத் தின்றுவிடும்.

டி.என்.ஏ. வருகிறது, இலக்கு மட்டும் வரவில்லை என்றால் மூன்று கேள்விகள்.

துளைக்கு இலக்கு மிகச் சிறியதா? கார்டிசால் 362 டால்டன். 10 நானோமீட்டர் துளையில் அதை நேரடியாகப் பார்க்க வழியே இல்லை. 22 நியூக்ளியோடைடு மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் அந்த அகலத்தில் இரைச்சலுக்குள் மறையும். ஒன்று துளையை 3–4 நானோமீட்டராகச் சுருக்க வேண்டும், அல்லது இலக்கை நீண்ட டி.என்.ஏ. தாங்கி மேல் பிடித்து, தாங்கியின் நிகழ்வுக்குள் தெரியும் கூடுதல் பள்ளத்தைத் தேட வேண்டும்.

வடிகட்டிக்கு மிக வேகமா? 10 கிலோஹெர்ட்ஸ் பெசல் வடிகட்டியின் (அதிவேக இரைச்சலை நீக்கும் மின் வடிகட்டி) எழுச்சி நேரம் சுமார் 33 மைக்ரோநொடி. அதன் இரு மடங்கைவிடக் குறுகிய நிகழ்வின் ஆழம் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். மிகக் குறுகியது தெரியாமலே போகும். தனிப் புரதங்கள் பெரும்பாலும் இதைவிட வேகமாகப் பாய்ந்துவிடுகின்றன, பதிவாவது சுவரோடு உரசித் தங்கிய சிறுபான்மைதான். 100 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்துங்கள்; மாதிரியெடுப்பு வேகம் வடிகட்டியைவிட ஐந்து முதல் பத்து மடங்கு இருக்கட்டும். இரைச்சல் கூடுவதால் உயர்த்த முடியாவிட்டால், டி.என்.ஏ. சார்ந்த இலக்குகளுக்குப் பொட்டாசியம் குளோரைடுக்குப் பதில் லித்தியம் குளோரைடு, ஓட்டம் மெதுவாகும்.

செறிவு போதுமா? ஒரு மில்லிலிட்டரில் 800 பிகோகிராம் உள்ள 8 கிலோடால்டன் புரதம் 100 பிகோமோலார். பத்து மடங்கு நீர்த்தால் 10 பிகோமோலார். அந்த அளவில் நிகழ்வுகள் மிக அரிதாகவே வரும், ஒரு மணி நேரப் பதிவும் போதாமல் போகலாம். காந்தமணிகளால் முன்செறிவாக்குங்கள், ஆனால் விட்டுப்போன ஒரு காந்தமணிகூடத் துளையை மூடிவிடும் என்பதால் காந்தத்தில் இருமுறை பிரித்தெடுங்கள். இலக்கு டி.என்.ஏ.வாகவோ தாங்கி மேலோ இருந்தால், மாதிரி அறையில் உப்பைக் குறைத்து எதிரறையில் கூட்டுவது பிடிபடும் வீதத்தை உயர்த்தும்.

எதிர்ப்புரதமும் ஆப்டமரும் (இலக்கைப் பிடிக்கும் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. துண்டு) 1 மோலார் உப்பில் பிடியை இழக்கக்கூடும். பிணைப்பை உடலியல் உப்பு அளவில் முடித்துவிட்டு, அளப்பதற்குச் சற்று முன் உப்பைச் சேர்ப்பது பாதுகாப்பு.

## அறிகுறி 7: வெற்று மாதிரியிலும் நிகழ்வுகள் குவிகின்றன

இந்த அறிகுறியைத்தான் நாம் அதிகம் அஞ்ச வேண்டும், ஏனென்றால் முடிவு நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். உமிழ்நீரில் மொத்தப் புரதம் மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம், சராசரி எடை 50 கிலோடால்டன் என்று வைத்தால் அது 20 மைக்ரோமோலார். மேலே சொன்ன 100 பிகோமோலார் இலக்கு ஒன்றுக்கு எதிராக இரண்டு லட்சம் பிற மூலக்கூறுகள். ஆழத்தையும் நேரத்தையும் மட்டும் வைத்து இவற்றில் ஒன்றை "இதுதான் இலக்கு" என்று சுட்டுவது ஏற்கத்தக்கதல்ல.

கீழ்க்காணும் வரிசையில் ஒவ்வொன்றையும் ஒரே துளையில், ஒரே மின்னழுத்தத்தில் ஓட்டுங்கள்: பஃபர் மட்டும், பஃபரும் ஆய்வுக்கண்ணியும், ஆய்வுக்கண்ணி இல்லாத உமிழ்நீர், வரிசை குலைத்த போலிக் கண்ணியோடு உமிழ்நீர், உண்மைக் கண்ணியோடு உமிழ்நீர், கடைசியாக அதிலேயே தெரிந்த அளவு இலக்கைச் சேர்த்தது.

- முதலாவதிலேயே நிகழ்வு வந்தால் பஃபர் அழுக்கு. 0.02 மைக்ரோமீட்டர் வடிதாளில் புதிதாக வடிகட்டுங்கள், கலத்தையும் கழுவுங்கள்.
- இரண்டாவதில் தாங்கியின் சாதாரண நிகழ்வு வருவது சரி. கூடுதல் பள்ளம் உள்ள நிகழ்வுகள் வந்தால் தாங்கி மடிந்தோ முடிச்சிட்டோ போகிறது. அந்த விகிதமே உங்கள் போலி நேர்மறையின் அடிமட்டம்.
- மூன்றாவதில் வந்தால் மாதிரியில் உள்ள டி.என்.ஏ.வும் வெசிக்கிள்களும் (செல்கள் வெளிவிடும் நுண்பைகள்) மியூசின் துண்டுகளும். வாய்க் கிருமிகளின் டி.என்.ஏ. உமிழ்நீரில் ஏராளம். டி.என்.ஏ. சிதைக்கும் நொதியை உப்பு சேர்ப்பதற்கு முன் போடுங்கள். அதிக உப்பில் அது வேலை செய்யாது. தாங்கியைச் சேர்க்கும் முன் நொதியை அகற்றுவதும் அவசியம், இல்லாவிட்டால் தாங்கியையே தின்றுவிடும்.
- நான்காவதும் ஐந்தாவதும் ஒரே எண்ணிக்கை காட்டினால் உங்கள் உணரி இலக்கை அடையாளம் காணவில்லை. துளையில் எதையும் மாற்ற வேண்டாம். ஆய்வுக்கண்ணியை மறுபடி வடிவமைக்க வேண்டும். அது உயிர்வேதியியல் வல்லுநரிடம் போக வேண்டிய கட்டம்.

## அறிகுறி 8: எண்ணிக்கை மாதிரிக்கு மாதிரி, நாளுக்கு நாள் மாறுகிறது

25 நிகழ்வு எண்ணினால் புள்ளியியல் பிழை மட்டுமே 20 சதவீதம். 400 எண்ணினால் 5 சதவீதம். பல "மாறுபாடுகள்" இத்தோடு தீர்ந்துவிடும். போதுமான எண்ணிக்கை இருந்தும் மாறினால், தெரிந்த அளவு இலக்கை ஒவ்வொரு மாதிரியிலும் சேர்த்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று கணக்கிடுங்கள். 80 முதல் 120 சதவீதத்துக்குள் இருந்தால் அளவீடு நம்பகமானது. குறைவாக வந்தால் இலக்கு குழாய்ச்சுவரில் ஒட்டியிருக்கலாம், குறைவாக ஒட்டும் வகைக் குழாய்க்கு மாறுங்கள். மியூசினோடு சேர்ந்து சுழற்சியில் கீழே போயிருக்கலாம், உறைய வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். புரதச்சிதைவு நொதிகள் தின்றிருக்கலாம், எடுத்த உடனே தடுப்பானும் பனிக்கட்டியும். மீண்டும் மீண்டும் உறையவைத்து உருக்கிய குழாய்களை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் ஈறில் இரத்தம் கசிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு டிரான்ஸ்ஃபெரின் அளவு நல்ல அடையாளம். இரத்தத்தில் உள்ள அதே குறிப்பான் உமிழ்நீரில் பலமடங்கு உயர்ந்து தெரியும். அப்படிப்பட்ட மாதிரியை ஒதுக்கி, வேறொரு நாளில் திரும்ப எடுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் பொட்டாசியம் குளோரைடில் கடத்தலை அளந்து குறியுங்கள். இடையில் 10 சதவீதத்துக்கு மேல் மாறிய துளையின் எண்ணிக்கையை மற்றவற்றோடு சேர்த்து வரைபடம் போடக் கூடாது. நோயாளியின் மாதிரி என்றால், எலைசா (எதிர்ப்புரதம் கொண்டு அளக்கும் சோதனை) அல்லது கியூ.பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் சோதனை) மூலம் அங்கீகாரம் பெற்ற மருத்துவ ஆய்வகம் உறுதிசெய்யும்வரை நானோதுளையின் எண்ணை மருத்துவரிடம் முடிவாகக் கொடுக்காதீர்கள்.